இரண்டாம் நாற்காலி: மொரிஷியஸின் துணைப் பிரதமர் பதவி

மொரிஷியஸ் மக்கள் மூன்று பொதுத்தேர்தல்களில் எதிர்க்கட்சியைத் துடைத்தெறிந்திருக்கிறார்கள். 1982, 1995, 2024 ஆகிய மூன்று முறையும் முதன்மைத் தீவின் 60 இடங்களையும் ஒரே கூட்டணி வென்றது. ரோட்ரிகஸ் தீவின் 2 இடங்கள் தனிக்கணக்கு. தோற்றவர்களில் சிலருக்குச் சமூக அடிப்படையில் இடம் தரும் ‘பெஸ்ட் லூசர்’ ஏற்பாட்டின் வழியாக ஒருசிலரே எதிர்வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களை வைத்துக்கொண்டு ஓர் அரசைக் கேள்வி கேட்க முடியாது. அப்படிப்பட்ட அவையில் பிரதமரை மறித்துப் பேசக்கூடிய ஆள் யார்? இந்தத் தீவின் ஐம்பதாண்டு அரசியலைப் பார்த்தால், அந்த ஆள் பெரும்பாலும் பிரதமருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே இருந்திருக்கிறார். துணைப் பிரதமர் என்ற பதவியை அதனால்தான் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

பிரதமர் ஊரில் இல்லாதபோது கோப்புகளைப் பார்த்துக்கொள்பவர் என்றுதான் இந்தப் பதவியைப் பல நாடுகளில் நினைக்கிறார்கள். மொரிஷியஸின் அரசமைப்புச் சட்டமும் ஏறக்குறைய அப்படித்தான் சொல்கிறது. நடைமுறையில் அது வேறொன்றாக வளர்ந்துவிட்டது. அரசுக்கும் எதிர்க்கட்சிக்கும் நடுவே ஆட்கள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும் வாசல் இதுதான் என்பது என் வாதம். சட்டம் இந்த வளர்ச்சியைக் கவனிக்காமலே இருக்கிறது என்பது அதன் மறுபாதி.

முதலில் சட்டம். 2,040 சதுர கிலோமீட்டர் பரப்பும் சுமார் 12.5 லட்சம் மக்களும் கொண்ட இந்த நாடு 1968 மார்ச் 12 அன்று விடுதலை பெற்றது. 1992இல் அதே தேதியில் குடியரசானது. அரசமைப்பின் 59ஆம் பிரிவு ஒரு பிரதமரும் ஒரு துணைப் பிரதமரும் இருக்க வேண்டும் என்கிறது. அவையில் பெரும்பான்மையைத் திரட்டக்கூடியவர் என்று தனக்குத் தோன்றும் உறுப்பினரைக் குடியரசுத் தலைவர் தம் சொந்த முடிவில் பிரதமராக நியமிக்கிறார். துணைப் பிரதமர் விஷயத்தில் அவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. பிரதமர் சொல்லும் பெயரை அப்படியே ஏற்க வேண்டும். பிரதமர் வெளிநாட்டில் இருந்தாலோ நோய்வாய்ப்பட்டாலோ, எழுத்து மூலமான உத்தரவால் துணைப் பிரதமரிடமும், அவரும் இல்லாவிட்டால் வேறோர் அமைச்சரிடமும் பொறுப்பை ஒப்படைக்க 63ஆம் பிரிவு வழி செய்கிறது. அந்த உத்தரவுக்கும் இயல்பான நாளில் பிரதமரின் ஆலோசனை வேண்டும்.

பதவியில் நீடிப்பது இன்னும் சுருக்கமான கதை. பிரதமர் ஆலோசனை சொன்னால் போதும், துணைப் பிரதமரின் பதவி போய்விடும். காரணம் சொல்ல வேண்டியதில்லை. விளக்கம் கேட்க வேண்டியதில்லை. அவையின் ஒப்புதலும் தேவையில்லை. புதிய பிரதமர் ஒருவர் நியமிக்கப்பட்டாலும் பழைய அமைச்சரவையோடு துணைப் பிரதமரின் பதவியும் காலியாகிறது. ஆக, சட்டத்தின் கண்ணில் அவர் மற்ற அமைச்சர்களைவிட ஓர் அங்குலம் உயர்ந்தவர். காப்பு என்று பார்த்தால் அவர்களுக்கு இருப்பதைவிட ஒன்றும் கூடுதலாக இல்லை.

பின் எங்கிருந்து வருகிறது அந்தப் பதவியின் கனம்? தேர்தல் முறையிலிருந்து வருகிறது. முதன்மைத் தீவில் 20 தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 3 இடங்கள். வாக்காளர் கையில் மூன்று வாக்குகள். கூட்டணிக் காற்று ஒரு பக்கம் வீசினால் தொகுதியின் மூன்று இடங்களும் மொத்தமாக அந்தப் பக்கம் சாயும். எந்தக் கட்சியும் தனியாக நின்று இந்தச் சூதாட்டத்தில் இறங்க எளிதில் துணிவதில்லை. அதனால் தேர்தலுக்கு மாதக்கணக்கில் முன்பே பேச்சுவார்த்தை தொடங்கிவிடுகிறது. தீவின் கிரியோல் மொழியில் அதற்கு ‘கோஸ்-கோஸே’ என்று பெயர். திரைமறைவில் நடக்கும் கூட்டணிப் பேரம் என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த பொருள். 60 வேட்பாளர் சீட்டுகளை எப்படிப் பங்கிடுவது, முதல் நாற்காலி யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்பதெல்லாம் அந்தப் பேச்சில் முடிவாகும். துணைப் பிரதமராக வரப்போகிறவரின் பெயர் வாக்களிக்கும் முன்பே மக்களுக்குத் தெரிந்திருக்கும். அவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை என்றாலும், அவர் பெயரைப் பார்த்தும் வாக்களித்திருக்கிறார்கள். பிரதமர் ஒரே கையெழுத்தில் அவரை வெளியே அனுப்பும்போது இந்த உண்மையும் சேர்ந்து வெளியே போகிறது.

1982 தேர்தலிலிருந்து தொடங்கலாம். எம்.எம்.எம். கட்சி 42 இடங்கள், ஹரிஷ் பூதூவின் பி.எஸ்.எம். 18 இடங்கள் என்று 60ஐயும் பிரித்துக்கொண்டன. அனிருத் ஜக்நாத் பிரதமர், பூதூ துணைப் பிரதமர், எம்.எம்.எம்.மின் மூளையாக இருந்த பால் பெரஞ்சே நிதியமைச்சர். ஒன்பது மாதங்களில், 1983 மார்ச்சில், பெரஞ்சேயும் எம்.எம்.எம். அமைச்சர்களில் பெரும்பாலோரும் விலகினார்கள். ஜக்நாத் எம்.எஸ்.எம். என்ற புதுக்கட்சியைத் தொடங்கினார்; அந்த ஆகஸ்டிலேயே மறுதேர்தல். அதில் வென்ற புதிய கூட்டணியில் துணைப் பிரதமரானவர் பி.எம்.எஸ்.டி. கட்சியின் கயேத்தான் துவால். விடுதலையே வேண்டாம் என்று 1967இல் வாதாடிய கட்சியின் தலைவர் அவர். அன்று அந்த வாதத்தின் பக்கம் ஏறக்குறைய 44 சதவீத வாக்குகள் விழுந்திருந்தன. அந்த மனிதரையும் அவரை நம்பிய மக்களையும் நாட்டின் அரசுக்குள் உட்கார வைக்க இந்த நாற்காலி பயன்பட்டது. இந்தப் பதவி செய்த நல்ல காரியங்களில் இதை முதலில் சொல்வேன்.

அடுத்துச் சொல்ல வேண்டியவர் பிரேம் நபாப்சிங். அவர் கதை சுவாரஸ்யமானது, ஏனென்றால் அவர் எதிர்த்திசையில் வந்தவர். 1987 தேர்தலில் பெரஞ்சே தோற்றதால் எதிர்க்கட்சித் தலைவர் பொறுப்பு நபாப்சிங்கிடம் வந்தது. 1990இல் எம்.எம்.எம். மறுபடி ஜக்நாத்தோடு கைகோத்தது. நபாப்சிங் எதிர்வரிசையிலிருந்து எழுந்து துணைப் பிரதமர் நாற்காலிக்கு வந்தார். 1993 ஆகஸ்டில் வெளியுறவு அமைச்சர் பெரஞ்சேயை ஜக்நாத் நீக்கியபோது கட்சி பிளந்தது. நபாப்சிங் அரசிலேயே தங்கிவிட்டார். கட்சிக்குக் கொடுக்கப்பட்ட நாற்காலி, அதில் உட்கார்ந்தவரின் சொந்த நாற்காலியாக மாறிய முதல் பெரிய உதாரணம் இது. பின்னாளில் இதே வழியில் இன்னும் இருவர் வந்தார்கள். ஐவன் கொலந்தவேலு எம்.எம்.எம்.மிலிருந்து பிரிந்து எம்.எஸ்.எம்.மின் 2014 கூட்டணியில் சேர்ந்தார். ஸ்டீவன் ஒபீகாடும் எம்.எம்.எம்.மை விட்டு எம்.எஸ்.எம்.மின் 2019 கூட்டணிக்கு வந்தார். இருவரும் துணைப் பிரதமர் ஆனார்கள். 1969இல் பிறந்த எம்.எம்.எம். இந்தத் தீவுக்குப் பிரதமர்களைத் தந்ததைவிடத் துணைப் பிரதமர்களைத் தந்ததே அதிகம்.

இனி பெரஞ்சே. இந்தப் பதவியின் வரலாற்றை ஒரே மனிதரின் வாழ்வில் படிக்க வேண்டுமென்றால் அவரைத்தான் படிக்க வேண்டும். மூன்று முறை துணைப் பிரதமர், மூன்றும் மூன்று விதம்.

முதல் முறை 1995. தொழிற்கட்சியின் நவீன் ராம்கூலம் பிரதமர். பெரஞ்சே துணைப் பிரதமரும் வெளியுறவு அமைச்சரும். வென்ற 60இல் தொழிற்கட்சிக்கு 35, எம்.எம்.எம்.முக்கு 25. இந்தக் கணக்கிலேயே முறிவின் விதை இருந்தது. 35 என்பது தனியாகவே பெரும்பான்மை. துணைக் கட்சி இல்லாமலும் அரசு நிற்கும். 1997 ஜூனில் ராம்கூலம் பெரஞ்சேயைப் பதவியிலிருந்து நீக்கினார். எம்.எம்.எம். வெளியேறியது, பெரஞ்சே எதிர்க்கட்சித் தலைவரானார், அவரது இடத்துக்குக் கைலாஷ் பர்யாக் வந்தார். ஒன்றரை ஆண்டு ஏறக்குறைய எதிர்ப்பே இல்லாமல் கிடந்த அவைக்கு ஓர் எதிர்க்கட்சி கிடைத்தது அந்த நீக்கத்தால்தான்.

அந்த மாற்றத்தின் அளவு வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புரியாது. மொரிஷியஸில் எதிர்க்கட்சித் தலைவர் என்பது அரசமைப்பில் எழுதப்பட்ட பதவி. போர்ட் லூயியில் அவை கூடும் நாளில், கூட்டம் தொடங்கியதும் அரை மணி நேரம் அவருக்கே உரியது. தனி அறிவிப்புக் கேள்வி என்று அதைச் சொல்வார்கள். பொதுவாகச் செவ்வாய்க்கிழமை, அவர் அன்று காலையில் கேள்வியைக் கொடுப்பார், அமைச்சர் சில மணி நேரத்தில் விடையோடு வந்து நிற்க வேண்டும். ஒரு கேள்வி, அதைத் தொடர்ந்து துணைக்கேள்விகள். மறுநாள் பத்திரிகைகளின் முதல் பக்கம் பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்திலிருந்து வரும். அமைச்சரவைக்குள் உட்கார்ந்து கோப்புகளைப் பார்த்துப் பழகிய ஒருவர் அந்த இடத்துக்குப் போகும்போது எந்தக் கேள்வி எங்கே சுடும் என்று தெரிந்து போகிறார். துணைப் பிரதமராக இருந்தவர் மிக நல்ல எதிர்க்கட்சித் தலைவராவது இதனால்தான்.

இரண்டாம் முறை 2000. இந்த முறை பெரஞ்சே வெறும் நாற்காலியை ஏற்கவில்லை. தேதி போட்ட ஒப்பந்தத்தோடு வந்தார். மெட்பாயின்ட் ஒப்பந்தம் என்று அதற்குப் பெயர். முதல் மூன்று ஆண்டுகள் அனிருத் ஜக்நாத் பிரதமர். பெரஞ்சே துணைப் பிரதமரும் நிதியமைச்சரும். பிறகு ஜக்நாத் குடியரசுத் தலைவராகப் போவார், எஞ்சிய இரண்டு ஆண்டுகள் பெரஞ்சே பிரதமர். பிரதமர் பதவியைக் கால அளவில் பங்கிடும் இந்த வகைக்கு ‘இஸ்ரேல் பாணி’ என்று தீவின் பத்திரிகைகள் பெயர் வைத்தன. கூட்டணி 54 இடங்களில் வென்றது. ஒப்பந்தம் எழுத்துப் பிசகாமல் நிறைவேறியது என்பதுதான் வியப்பு. 2003 செப்டம்பர் 30 அன்று பெரஞ்சே பிரதமரானார். அன்று துணைப் பிரதமர் நாற்காலியில் உட்கார்ந்தவர் ஜக்நாத்தின் மகன் பிரவிந்த் ஜக்நாத், நிதித்துறையும் அவரிடம்.

விடுதலைக்குப் பிறகு இந்து அல்லாத ஒருவர் பிரதமரானது அந்த ஒரு முறைதான். அதற்கு முன்னும் பின்னும் சீவுசாகூர் ராம்கூலம், ஜக்நாத்துகள் இருவர், நவீன் ராம்கூலம் என்று எல்லாருமே இந்துக்கள். பெரஞ்சே பிரெஞ்சு வம்சாவளியினர். அவர் மேலே போனபோது, பெரும்பான்மைச் சமூகத்துக்கு உத்தரவாதம் தரும் வேலையை இரண்டாம் நாற்காலி செய்தது. மற்ற காலங்களில் அதே நாற்காலி சிறுபான்மைச் சமூகங்களுக்கு உத்தரவாதம் தந்திருக்கிறது. 2005 முதல் 2014 வரை ரஷீத் பீபீஜான் என்ற முஸ்லிம் தலைவர் அதில் இருந்தார். அவருக்குப் பின் கயேத்தான் துவாலின் மகன் சேவியர்-லூக் துவால். இது எழுதப்பட்ட விதி இல்லை. பூதூவும் பர்யாக்கும் இந்துக்களே. ஆனாலும் பெயர்ப் பட்டியலைப் பார்க்கும் ஒவ்வொரு மொரிஷியக் குடும்பமும் முதலில் கணக்குப் போடுவது இதைத்தான். வேட்பாளர்களை இந்து, முஸ்லிம், சீனர், பொது மக்கள் என்று நான்காகப் பிரிக்கும் அட்டவணை அரசமைப்பிலேயே இருக்கும்போது, மக்களைக் குறை சொல்ல முடியாது.

வரிசையில் யார் முன்னே, யார் பின்னே என்பது அங்கே எவ்வளவு கனமான விஷயம் என்று தமிழர்களுக்கு நேரடியாகவே தெரியும். மொரிஷியஸ் ரூபாய் நோட்டில் ஆங்கிலத்துக்கு அடுத்துத் தமிழ், அதன்பின் இந்தி என்பது வழக்கமாக இருந்தது. 1998இல் வெளியான புதிய நோட்டுகளில் இந்தி மேலேறித் தமிழ் கீழே இறங்கியது. தீவின் தமிழர்கள் கொதித்தெழுந்தார்கள். அந்த நோட்டுகளை அரசு திரும்பப் பெற்றுப் பழைய வரிசையில் புதிதாக அச்சிட நேர்ந்தது. ஒரு காகிதத்தின் இரண்டாவது வரிக்கே அந்த நிலை என்றால், ஓர் அரசின் இரண்டாவது நாற்காலிக்கு எப்படி இருக்கும்! தமிழர்களைப் பொறுத்தவரை உயர்பதவிகள் வந்ததுண்டு. வீராசாமி ரிங்காடு நிதியமைச்சராக இருந்து, ஆளுநர் நாயகமாகி, 1992இல் நாட்டின் முதல் குடியரசுத் தலைவரும் ஆனார். நிதியமைச்சர் ராமா சித்தானென் ‘வைஸ் பிரைம் மினிஸ்டர்’ என்ற தகுதியோடு இருந்தார்.

இந்த ‘வைஸ் பிரைம் மினிஸ்டர்’ என்பது துணைப் பிரதமருக்கு ஒரு படி கீழே இருக்கும் பட்டம். கூட்டணியில் மூன்றாவது, நான்காவது கட்சிகளுக்கும், ஒரே கட்சிக்குள் மனம் கோணக்கூடிய மூத்தவர்களுக்கும் தருவது. பிரதமரைத் தவிர 24 அமைச்சர்களுக்கு மேல் கூடாது என்று சட்டம் இருப்பதால், எண்ணிக்கையைக் கூட்ட முடியாத இடத்தில் பட்டத்தைக் கூட்டுகிறார்கள். எனக்கு இது பிடிக்கவில்லை. இரண்டாமவர் யார் என்பதில் நாட்டுக்குச் சந்தேகமே இருக்கக் கூடாது; பட்டங்கள் பெருகப் பெருக அந்தத் தெளிவு குறைகிறது. ஒன்றை மட்டும் இதன் பக்கத்தில் வைக்கலாம். ஃபசிலா ஜீவா-தோரியாவூ 2017இல் இந்தத் தகுதியை எட்டிய முதல் பெண். அதற்கு மேலே, துணைப் பிரதமர் நாற்காலியில், 2024இல் அமைந்த அமைச்சரவை வரை ஒரு பெண்ணும் உட்கார்ந்ததில்லை.

பட்டத்தைவிடத் துறை முக்கியம் என்பதை இந்த வரலாறு திரும்பத் திரும்பக் காட்டுகிறது. துணைப் பிரதமராக இருந்து பிரதமர் ஆனவர்கள் இருவர்தான்: பெரஞ்சே, பிரவிந்த் ஜக்நாத். இருவர் கையிலும் அப்போது கருவூலத்தின் சாவி இருந்தது. பீபீஜான் கட்டுமானம், எரிசக்தி ஆகிய துறைகளைப் பார்த்தார், சேவியர்-லூக் துவால் சுற்றுலா, கொலந்தவேலு எரிசக்தி, ஒபீகாடு வீட்டுவசதியும் சுற்றுலாவும். முக்கியமான துறைகள்தாம், ஆனால் பிற அமைச்சர்கள் வந்து வாசலில் நிற்கும் துறைகள் இல்லை. 2017 ஜனவரியில் இது வெட்டவெளிச்சமானது. மறுபடி பிரதமராகியிருந்த அனிருத் ஜக்நாத் பதவி விலகினார். ஜனவரி 23 அன்று பிரதமராகப் பதவியேற்றவர் துணைப் பிரதமர் இல்லை, நிதியமைச்சர் பிரவிந்த். அவையில் எம்.எஸ்.எம்.முக்கே பெரும்பலம் இருந்தது, அதன் தலைவரும் அவரே. சட்டப்படி அதில் தவறு காண முடியாது. தேர்தலே இல்லாமல் தந்தையிடமிருந்து மகனுக்குப் பிரதமர் பதவி போனதைப் பலர் ஏற்கவில்லை. எப்படியானாலும் ஒரு விஷயம் தீர்ந்தது: மொரிஷியஸில் துணைப் பிரதமர் வாரிசு இல்லை.

அப்படியானால் அவரால் ஆவதென்ன? அதற்கு விடை அந்த ஜனவரிக்கு ஒரு மாதம் முன்பு, 2016 டிசம்பரில் கிடைத்தது. அரசு வழக்குத் தொடரும் அதிகாரம் மொரிஷியஸில் பொது வழக்குத்தொடுப்பு இயக்குநர் என்ற தனி அதிகாரியிடம் இருக்கிறது. யார்மேல் வழக்குப் போடுவது, எந்த வழக்கைக் கைவிடுவது என்று அவர் எடுக்கும் முடிவில் அமைச்சர்கள் தலையிட முடியாது. அரசமைப்பின் 72ஆம் பிரிவு அவரைக் காக்கிறது. அவருக்கு மேலே ஒரு வழக்குத்தொடுப்பு ஆணையத்தை உட்கார வைக்க அரசு ஒரு திருத்த மசோதாவைக் கொண்டுவந்தது. அதை நிறைவேற்ற அவையின் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் வேண்டும். அன்றைய அவையில் 69 பேர், தேவை 52. கூட்டணியில் இருந்த பி.எம்.எஸ்.டி. உறுப்பினர்கள் கைதூக்காவிட்டால் அந்த எண் எட்டாது.

துணைப் பிரதமர் சேவியர்-லூக் துவால் அமைச்சரவைக்குள் வாதாடிப் பார்த்திருக்கலாம், வாக்களிக்காமல் ஒதுங்கியிருக்கலாம், பதவியில் இருந்துகொண்டே முணுமுணுத்திருக்கலாம். அவர் டிசம்பர் 19 அன்று பதவியைத் துறந்தார். கட்சியின் மற்ற அமைச்சர்களும் வெளியே வந்தார்கள். அரசு விழவில்லை, அதற்குச் சாதாரணப் பெரும்பான்மை மிச்சம் இருந்தது. மசோதா மட்டும் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. சில நாட்களில் துவால் எதிர்க்கட்சித் தலைவரானார். 1997இல் நீக்கப்பட்ட துணைப் பிரதமர் போன அதே இடத்துக்கு, 2016இல் தானாக விலகிய துணைப் பிரதமரும் போனார். அதில் கட்சிக் கணக்கும் இருந்திருக்கும்; எந்த அரசியல்வாதியின் முடிவிலும் அது இருக்கும். விளைவை வைத்துச் சொன்னால், இந்தப் பதவியின் வரலாற்றிலேயே மக்களுக்கு மிகப் பெரிய நன்மை செய்த ராஜினாமா அது. சட்டம் தராத அதிகாரத்தை வெளியேறும் உரிமை தந்தது.

ஆனால் வெளியேறுவது பலிக்க, வெளியேறுபவரின் பின்னால் ஆட்கள் இருக்க வேண்டும். 2020 ஜூன் அதன் மறுபக்கம். செயின்ட் லூயி மின்நிலையத் திட்டத்தில் நடந்த ஒப்பந்தம் பற்றிய ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கியின் விசாரணை முடிவு வெளிவந்தது. எரிசக்தித் துறை கொலந்தவேலுவின் கையில் இருந்த காலத்துத் திட்டம் அது. தம்மேல் குற்றம் இல்லை என்றார் அவர். பிரதமர் பிரவிந்த் ஜக்நாத் ஒதுங்கச் சொன்னார், அவர் மறுத்தார், ஜூன் 25 அன்று நீக்கப்பட்டார். ஒபீகாடு அந்த இடத்துக்கு வந்தார். அரசில் ஓர் ஆணிகூட அசையவில்லை. கொலந்தவேலுவின் கட்சி சிறியது. அதுவே போதுமான விளக்கம். ஊழல் புகார் எழுந்தால் அமைச்சர் ஒதுங்கி நிற்பதுதான் சரி என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. என் கவலை நடைமுறை பற்றியது. நாட்டின் இரண்டாவது பதவியிலிருந்து ஒருவர் நீக்கப்படும்போது, அதற்கான காரணம் அவையின் முன் எழுத்தில் வைக்கப்பட வேண்டும் என்ற விதி அன்றும் இல்லை. நல்ல காரணத்துக்கும் கெட்ட காரணத்துக்கும் ஒரே கதவு, ஒரே ஓசை.

மூன்றாம் முறை 2024 நவம்பர். பிரவிந்த் ஜக்நாத்தின் அரசைத் தோற்கடித்த கூட்டணியில் நவீன் ராம்கூலம் மறுபடி பிரதமர், 79 வயதுப் பெரஞ்சே மறுபடி துணைப் பிரதமர். 1997இல் நீக்கியவரும் நீக்கப்பட்டவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இடையே 2014இலும் இருவரும் சேர்ந்து பார்த்ததுண்டு. ராம்கூலம் அதிகாரம் கூட்டப்பட்ட குடியரசுத் தலைவர், பெரஞ்சே பிரதமர் என்று அன்று ஒரு திட்டம் வைத்தார்கள். மக்கள் அதை ஏற்கவில்லை. 62இல் 13 இடங்களே கிடைத்தன. அரசின் தலையை இரண்டாக்குவதை மறுத்த அதே மக்கள், ஒருவர் முன்னும் ஒருவர் பின்னும் என்ற பழைய ஏற்பாட்டை 2024இல் மனதார ஏற்றார்கள். இதை மொரிஷிய வாக்காளரின் தெளிவான தீர்ப்பாகவே நான் பார்க்கிறேன்.

மற்றத் தீவு நாடுகளோடு ஒப்பிட்டால் மொரிஷியஸின் தனித்தன்மை இன்னும் துலங்கும். பார்படோஸில் பதவியில் இருந்த மூன்று பிரதமர்கள் இறந்திருக்கிறார்கள். 1985 மார்ச்சில் டாம் ஆடம்ஸ், 1987 ஜூனில் எரல் பாரோ, 2010 அக்டோபரில் டேவிட் தாம்சன். மூன்று முறையும் துணைப் பிரதமரே பிரதமரானார்: பெர்னார்ட் செயின்ட் ஜான், எர்ஸ்கின் சான்டிஃபர்ட், ஃப்ரூன்டெல் ஸ்டூவர்ட். நாடு ஒரு நாள்கூடத் தடுமாறவில்லை. அங்கே ஒரே கட்சியின் ஆட்சி. துணைப் பிரதமர் அந்தக் கட்சிக்குள்ளேயே அடுத்தவர். டிரினிடாடில் 1981 மார்ச்சில் எரிக் வில்லியம்ஸ் இறந்தபோது அடுத்தவர் என்று ஒருவர் இருக்கவில்லை. கட்சியில் மூன்று துணைத் தலைவர்கள். அவர்களில் ஜார்ஜ் சேம்பர்ஸைக் குடியரசுத் தலைவர் எல்லிஸ் கிளார்க் தெரிந்தெடுத்தார். கட்சிகளே இல்லாத துவாலுவில், 2000 டிசம்பரில் பிரதமர் இயோனாதானா இறந்ததும் துணைப் பிரதமர் லகிதுப்பு துய்லிமு பொறுப்பேற்று, 2001 பிப்ரவரியில் அவை கூடிப் புதியவரைத் தேர்ந்தெடுக்கும் வரை நாட்டைப் பார்த்துக்கொண்டார்.

மொரிஷியஸுக்கு மிக நெருங்கிய உறவு சமோவாதான். அங்கே ஃபியாமே நவோமி மத்தாஆஃபா 2016இல் முதல் பெண் துணைப் பிரதமரானார். நிலம், பட்டங்கள் தொடர்பான நீதிமன்ற அமைப்பை மாற்றும் மசோதாக்களை எதிர்த்து 2020 செப்டம்பரில் விலகினார். 2021 ஏப்ரல் தேர்தலில் அவர் தலைமையேற்ற ஃபாஸ்ட் கட்சியும் பழைய ஆளுங்கட்சியும் சரிக்குச் சரியாக நின்றன. சுயேச்சையாக வென்ற துவாலா இயோசெஃபோ பொனிஃபாசியோ ஃபாஸ்டின் பக்கம் போனார். மே 24 அன்று நாடாளுமன்றக் கதவைப் பூட்டி வைத்தார்கள். வெளியே கூடாரத்தில் பதவியேற்பு நடந்தது. ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பதவியேற்பை ஒப்புக்கொண்டது. ஃபியாமே பிரதமர், அந்தச் சுயேச்சை துணைப் பிரதமர். ஒரு கொள்கைக்காக விட்டுவந்த அதே நாற்காலி, ஓர் உறுப்பினரின் ஆதரவுக்கு ஈடாகவும் தரப்பட்டது. இரண்டு பயன்களும் இந்தப் பதவிக்குள் சேர்ந்தே இருக்கின்றன, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ள முடியாது.

மொரிஷியஸில் இதுவரை எந்தப் பிரதமரும் பதவியில் இருக்கும்போது இறந்ததில்லை. அதனால்தான் ஒரு பெரிய ஓட்டை யார் கண்ணையும் உறுத்தாமல் இருக்கிறது. நாளை அப்படி நேர்ந்தால், 63ஆம் பிரிவு சொல்வது பிரதமர் வெளியூர் போவதையும் நோயில் கிடப்பதையும் மட்டுமே. மரணத்துக்குப் பின் புதியவரை நியமிப்பது குடியரசுத் தலைவரின் சொந்த முடிவு. அந்தக் குடியரசுத் தலைவரை அவை தேர்ந்தெடுப்பதே பிரதமர் கொண்டுவரும் தீர்மானத்தின் பேரில். அதாவது, பெரும்பாலும் மறைந்த பிரதமரே முன்மொழிந்த ஒருவர், மறைந்த பிரதமரின் கட்சிக்கும் துணைப் பிரதமரின் கட்சிக்கும் நடுவே தீர்ப்புச் சொல்ல வேண்டிவரும். துணைப் பிரதமர் வேறு கட்சி, பல வேளைகளில் வேறு சமூகம். ரூபாய் நோட்டில் ஒரு வரி இடம் மாறியதற்கே கொந்தளித்த ஊரில் இந்தத் தீர்ப்பைத் தனி ஒருவர் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

செய்ய வேண்டியது கடினமானதும் இல்லை. பிரதமர் இறந்தால் துணைப் பிரதமர் அன்றே தற்காலிகப் பொறுப்பேற்பார் என்று ஒரு வரி; முப்பது நாட்களுக்குள் அவை கூடி வெளிப்படையான வாக்கெடுப்பில் புதிய பிரதமரை முடிவு செய்யும், அந்த முடிவைக் குடியரசுத் தலைவர் ஏற்பார் என்று ஒரு வரி. துணைப் பிரதமரை நீக்கினால் பிரதமர் அதற்கான காரணத்தை அடுத்த அமர்வில் எழுத்தில் வைக்க வேண்டும் என்று இன்னொரு வரி. கூட்டணி ஒப்பந்தங்களையும் வேட்புமனுத் தாக்கலுக்கு முன்பே முழுமையாக வெளியிட வைக்கலாம். மெட்பாயின்ட் ஒப்பந்தத்தின் சாரம் 2000இல் ஊருக்கே தெரிந்திருந்தது, தெரிந்துதான் மக்கள் வாக்களித்தார்கள், சொன்ன தேதியில் பதவியும் கைமாறியது.